சிறுவர் மர்மக் கதையை 'எல்லாம் கனவு' என்று முடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சிறுவர் பக்கத்து அமானுஷ்யத் தொடர்களைக் கடைசி வாரத்தில் 'எல்லாம் கனவு' என்றோ, 'பேய் வேடம் போட்ட திருடன்' என்றோ முடித்துவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது பயத்தைப் போக்குவதில்லை. வாரக்கணக்கில் துப்புகளைக் கோத்துவைத்த பிள்ளையின் உழைப்பைத்தான் வீணாக்குகிறது.

1958-இல் வெளிவந்து, சிறந்த சிறுவர் நூலுக்கு இங்கிலாந்தில் தரப்படும் கார்னகி பதக்கம் பெற்ற ஃபிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' நாவலை எடுத்துக்கொள்வோம். முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது, படிக்கப்போகிறவர்கள் மன்னிக்கவும்.

தம்பிக்குத் தட்டம்மை. அதனால் டாம், தோட்டமே இல்லாத ஒரு வீட்டில் சித்தி, சித்தப்பாவோடு தங்குகிறான். கூடத்திலுள்ள பழைய கடிகாரம் இரவில் 13 முறை அடிக்கிறது. பின்கதவைத் திறந்தால், பகலில் குப்பைத்தொட்டி நிற்கும் இடத்தில் பெரிய தோட்டம். அங்கே ஹாட்டி என்ற சிறுமி. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. பனி ஈரத்தில் நடந்தும் டாமின் காலடி பதியவில்லை என்பதே முதுகுத்தண்டைச் சிலிர்க்க வைக்கிறது.

கதையைத் தாங்குவது அதன் விதிகள். அங்கே எவ்வளவு நேரம் இருந்தாலும் வீட்டில் சில நிமிடம்கூடக் கழிவதில்லை. அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் கண்ணுக்கு டாம் தெரிவதில்லை. அவனுக்கு ஓர் இரவு இடைவெளி என்றால், ஹாட்டிக்குப் பெரும்பாலும் மாதங்களோ வருடங்களோ ஓடியிருக்கும். பியர்ஸ் இவற்றைக் கடைசிவரை மீறவில்லை. நம் தொடர்கள் பல விழுவது இந்த இடத்தில்தான்: ஐந்தாம் வாரம் சுவரை ஊடுருவும் உருவம், எட்டாம் வாரம் கதவைத் தட்டிக் காத்திருக்கும். விதி மாறினால் பிள்ளையால் ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாத மர்மத்தில் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இன்னொரு குறை, நண்பர்களை ஐந்து பேராகச் சேர்த்து, ஒருவர் வசனத்தை மற்றவர் பேசினாலும் வித்தியாசம் தெரியாதபடி எழுதுவது. இரண்டு பேர் போதும். அவர்களுக்குள் சண்டை வர வேண்டும், அதுவும் மர்மத்தை ஒட்டியே வர வேண்டும். டாமும் ஹாட்டியும் சண்டை போடுவது 'நம்மில் யார் பேய்?' என்றுதான். நட்பும் திகிலும் அங்கே ஒரே முடிச்சில் விழுகின்றன. பிறகு டாம் கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, அவள் உடையை வைத்து அவள் காலத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறான். துப்பறியும் வேலையைச் செய்வது பிள்ளைதான், போலீஸ் மாமா அல்ல.

முடிவில் கனவு உண்டு. ஆனால் அது டாமின் கனவு அல்ல. மாடியில் தனியாக வசிக்கும் வீட்டுக்காரப் பாட்டி பார்த்தலோமியூ, இரவுதோறும் தன் சிறுவயதைக் கனவு காண்கிறார். அவர்தான் ஹாட்டி! விளையாடத் துணையில்லாத சிறுவனும், இளமையை நினைத்து ஏங்கும் மூதாட்டியும் அந்தக் கனவில் சந்தித்திருக்கிறார்கள். அது வெறும் கனவாகிவிடாதபடி ஒரு பொருளும் சாட்சிக்கு இருக்கிறது: ஹாட்டி வாக்குக் கொடுத்தபடி பலகைத் தரைக்கு அடியில் ஒளித்துவைத்த பனிச்சறுக்குக் காலணிகளை, டாம் தன் காலத்தில் எடுத்துவிடுகிறான். உறைந்த ஆற்றின் மேல் இருவரும் சறுக்கிப் போகும்போது, ஒரே ஜோடி காலணி இருவர் காலிலும் இருக்கிறது.

பாட்டி யாரென்பது 26-ஆம் அத்தியாயத்தில்தான் வெளிப்படுகிறது. நாவலுக்கு மொத்தம் 27 அத்தியாயங்கள். ஆனால் மாடியில் அவர் இருப்பது தொடக்கத்திலேயே நமக்குத் தெரியும். குற்றவாளியையோ, விடையையோ கடைசி வாரத்தில் புதிதாக அழைத்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதல் கால்பகுதிக்குள் வராத ஆள் விடையாகக் கூடாது.

பக்கம் ஒதுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் ஒன்று. இடம் போதாமல் வெட்டும்போது 'சம்பவம் இல்லாத' பத்திகளே முதலில் போகின்றன. துப்புகள் ஒளிந்திருப்பதும் அவற்றில்தான். முழுக் கதையும் கைக்கு வந்தபின், விடைக்குத் தேவையான ஒவ்வொரு வரியையும் அடிக்கோடிட்டு, அதன்பிறகே கத்தரியுங்கள். ஓவியருக்கு முடிவைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் அவர் வரையும் ஒரு முகச்சாயலே ரகசியத்தை உடைத்துவிடும். 9 வயதுப் பிள்ளைக்கு வாரம் 600, 700 சொல் தாராளம். ஒவ்வொரு வாரமும் அலறலில் 'தொடரும்' போட்டால் மூன்றாம் வாரமே பயம் மரத்துப்போகும். சில வாரங்களை ஒரு கேள்வியோடு நிறுத்தலாம்.

மேற்படி நாவலையே தொடராக்க நினைப்பவர்களுக்கு: பியர்ஸ் 2006-இல் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. சுருக்கினாலும் மொழிபெயர்த்தாலும் முன்அனுமதி வேண்டும்.

இப்படிக்கு,
சிறார் கதை வாசகர்கள்,
கும்பகோணம்.