முன்பணம் அனுப்புவதற்கு முன்னால், தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ பேசியபோது உன் குரலே சரியில்லை. வகுப்பு தொடங்க 12 நாள்தான் இருக்கிறது, விடுதியில் இடம் இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள், இணையத்தில் பார்த்த அறைக்கு இன்னும் 3 பேர் காத்திருக்கிறார்களாம், இன்றைக்கே முன்பணம் போட்டால்தான் கிடைக்குமாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நான் "போடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லியிருக்க வேண்டும். இதே தவிப்பில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அந்த அறையின் படங்களை நீ அனுப்பியதும் பார்த்தேன். அதே பகுதியில் மற்ற அறைகளுக்குக் கேட்கும் வாடகையில் பாதிதான் இதற்கு. ஓனர் வெளியூரில் இருக்கிறாராம், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவாராம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தாலே விலகிவிடு. படங்களை இணையத்தில் படத்தேடலில் போட்டுப் பார், வேறு ஊர் விளம்பரத்திலோ ஏதாவது ஓட்டலின் பக்கத்திலோ அதே கட்டில், அதே திரைச்சீலை இருக்கலாம். நேரில் பார்த்துவிட்டால் மட்டும் போதும் என்றும் நினைக்காதே. சில நாளைக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பத்துப் பேருக்குத் திறந்து காட்டி, பத்துப் பேரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் உண்டு. சாவி கையில் இருப்பதால் மட்டும் ஒருவர் ஓனர் ஆகிவிட மாட்டார். வீடு அவர் பெயரில் இருப்பதற்கு ஏதாவது காகிதம் கேள். அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உனக்கு உள்வாடகைக்கு விடுகிறார் என்றால், ஓனர் சம்மதித்து எழுதிய கடிதம் கேள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை விசாரி. ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுக்காதே.

ஆனால் இதையெல்லாம் செய்ய உனக்கு அவகாசம் வேண்டும். அதுதான் இப்போது உன்னிடம் இல்லை. நாளைக்கு எங்கே படுப்பது என்று தெரியாதவனால் எந்த அறையையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது உன்னிடம் பேசுகிற ஆளுக்கும் தெரிகிறது. அதனால் அறை தேடுவதை இரண்டு நாள் நிறுத்திவிட்டு, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு படுக்கை தேடு. தெரிந்தவர் வீட்டில் ஒரு ஓரம், நாள் கணக்கில் விடும் தங்குமிடம், சீனியர் ஒருவரின் அறையில் பாய் விரிக்க இடம், எதுவானாலும் சரி. கல்லூரியில் மாணவர் தங்குமிடத்துக்கென்று அலுவலகம் இருந்தால் போய் நேரில் நில். படிப்பு முடித்துக் காலி செய்கிற சீனியர்களின் அறைகள் பல நேரம் விளம்பரத்துக்கே வராமல் கை மாறிவிடும், அந்தச் செய்தி நீ அங்கே இருந்தால்தான் காதில் விழும். இரண்டு வாரச் செலவு தண்டம் என்று அப்பா சொல்வார், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

என் முதல் அறையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. ஒரு மாலை நேரம், கால்மணி நேரத்தில் பார்த்து முடித்தேன். புதுச் சுண்ணாம்பு வாசம், பளிச்சென்ற சுவர், ஒரு பெரிய மர அலமாரி. சுத்தமான வீடு என்று சந்தோஷப்பட்டேன். மழைக்காலம் வந்தபோது அந்த அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த புத்தகங்களின் பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்து நகர்த்திப் பார்த்தால், பின்சுவர் முழுக்க ஓதம். முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. ஓதத்தின் மேல்தான் வெள்ளை பூசி, அலமாரியை வைத்து மறைத்திருக்கிறார்கள். அந்த வருடம் முழுக்க எனக்கு இருமல் விடவில்லை. காலி செய்தபோது, ஈரத்துணி காயப்போட்டு நீதான் சுவரைக் கெடுத்தாய் என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார் ஓனர். குடிபோன அன்று எடுத்த ஒரு படம்கூட என்னிடம் இல்லை, எதைக் காட்டி வாதாடுவது?

அதனால் அலமாரியை நகர்த்திப் பார். கட்டிலுக்குப் பின்னாலும் பார். சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஈரம் தெரியும். குழாயையும் ஷவரையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கவனி. கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிக்னல் இருக்கிறதா பார். தாழ்ப்பாளைப் போட்டுப் பார். குளியலறைக்குள்ளேயே கேஸில் ஓடும் ஹீட்டர் இருந்து காற்றுப்போக வழி இல்லையென்றால் அந்த அறை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என இரண்டு தடவை போ. கடைசி பஸ்ஸில் இறங்கி அந்தத் தெருவில் நடந்து பார்த்தால்தான் நூலகத்திலிருந்து திரும்பும் ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று தெரியும். தூரத்தையும் கணக்குப் போடு. ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடினால் வாரம் 5 நாளில் 6 மணி 40 நிமிடம் போய்விடுகிறது, பயணச்செலவு தனி.

அப்புறம் ஒப்பந்தம். நண்பர்கள் 4 பேர் சேர்ந்து வீடு எடுக்கலாம் என்கிறாய். நல்லதுதான். ஆனால் 4 பேரும் ஒரே காகிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடுவதாக இருந்தால் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பார். இருந்தால், ஒருவன் பாதியில் போய்விட்டாலும் அவன் பங்கை மற்ற 3 பேரிடமும், ஏன், உன் ஒருவனிடமே கேட்கலாம். அப்பாவை ஜாமீன் கையெழுத்துக்குக் கூப்பிட்டால், உன் பங்குக்கு மட்டும்தானா, மொத்த வாடகைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், கரண்டும் தண்ணீரும் வாடகையில் அடக்கமா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. குடிபோகிற அன்று ஒவ்வொரு சுவரையும், மீட்டர் எண்ணையும் படம் பிடித்து ஓனருக்கும் எனக்கும் அன்றைக்கே அனுப்பிவிடு.

மாணவன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். எங்கிருந்து வந்தாய், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களும் இருப்பார்கள். எனக்கும் நடந்தது, அழுதுகொண்டே நடந்திருக்கிறேன். உன்மேல் ஒரு குறையும் இல்லை, தம்பி. அப்படி ஏதாவது நடந்தால் அந்த நிமிடமே எனக்குக் கூப்பிடு, தனியாக வைத்துக்கொண்டு குமையாதே.

படுக்கைக்கு ஒரு வழி செய்துகொண்டபின் அடுத்த வீட்டைப் பார்க்கப் போவாய் அல்லவா? உள்ளே நுழைந்ததும் வீடியோவில் வா. அலமாரிக்குப் பின்னால் இருப்பதை முதலில் காட்டு.

அன்புடன்,
அக்கா