உதவாத ஸ்டெப்னியும் திரும்பி வராத டெபாசிட்டும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
முதுகலை மாணவி,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் நிறுவனம்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: பயன்படுத்த முடியாத ஸ்டெப்னியுடன் (மாற்று டயருடன்) கார் கொடுத்துவிட்டு, அதனால் நேர்ந்த செலவையும் தாமதத்தையும் என் பெயரில் எழுதி டெபாசிட் தொகை முழுவதையும் பிடித்துக்கொண்டது – திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் இங்கிலாந்தில் முதுகலை படித்துவருகிறேன். ஈஸ்டரை ஒட்டி அங்குள்ள பல்கலைக்கழகங்கள் விடும் வசந்தகால விடுமுறையில், உடன் படிக்கும் தோழியர் மூவரை அழைத்துக்கொண்டு சென்ற ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்கு வந்திருந்தேன். ஒருவர் யாழ்ப்பாணம், ஒருவர் கோயம்புத்தூர், மற்றவர் மலேசியாவில் ஈப்போ. விடுமுறையில் ஸ்காட்லாந்து மலைப்பகுதியைக் காரில் சுற்றலாம் என்றுதான் முதலில் பேசியிருந்தோம். ஈப்போ தோழியின் பாட்டனாருடைய தகப்பனார் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்த பிறகு, பயணம் நெல்லைச் சீமைக்கு மாறியது. காரை நானே ஓட்டுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டதால், இந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பும் என்னுடையதாகிறது.

நெல்லை வண்ணார்பேட்டையில் உள்ள தங்கள் கிளையில் சனிக்கிழமை காலை காரை எடுத்தேன். புதன்கிழமை மாலை 6 மணிக்குத் திருப்பி ஒப்படைப்பது என்றும், ஐந்து நாள் வாடகை 11,000 ரூபாய், டெபாசிட் 10,000 ரூபாய் என்றும் தங்கள் செயலியில் பதிவாகியிருக்கிறது. காரை ஒப்படைத்த ஊழியர் நான்கு பக்கமும் படம் எடுத்தார், டிக்கியைத் திறக்கவில்லை. அவர் காட்டிய சரிபார்ப்புப் படிவத்தில் 'ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர்' என்ற வரிகளுக்கு எதிரே நான் வருவதற்கு முன்பே சரி என்று குறி போடப்பட்டிருந்தது. "எல்லாம் ஓகே மேடம், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்று அவர் அவசரப்படுத்த, நானும் சொல்லிவிட்டேன். டிக்கியைத் திறந்து பார்க்காதது என் தவறு என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை, "ஸ்டெப்னியப் பாக்காம எவளாவது வண்டிய எடுப்பாளா" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் நான் பார்க்கத் தவறியதனால், சரியில்லாததைச் சரி என்று குறி போட்டவரின் தவறு சரியாகிவிடாது.

முதல் நான்கு நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. குற்றாலத்தில் ஏப்ரலில் தண்ணீர் இருக்காது என்று நான் எச்சரித்தும் தோழியர் கேட்காமல் வந்து வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பியதற்கும், பாபநாசத்தில் அகஸ்தியர் அருவியை விட்டு அவர்களைக் கிளப்பவே முடியாமல் போனதற்கும் தங்கள் நிறுவனம் பொறுப்பல்ல. நாங்குநேரி டோல்கேட்டில் நேர்ந்ததற்குப் பொறுப்பு உண்டு. சுங்கக் கட்டணம் தானாகக் கழிவதற்காகக் காரில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாததால் கட்டணத்தை இரு மடங்காக ரொக்கத்தில் கட்டிவிட்டுத்தான் கன்னியாகுமரிக்குப் போக முடிந்தது. ஃபாஸ்டேக் கணக்கு தங்கள் பெயரில் இருப்பது. அதில் பணம் போட்டுவைக்க வேண்டியது நானல்ல. அதற்கான ரசீதை இணைத்திருக்கிறேன்.

புகாருக்குக் காரணமான சம்பவம் புதன்கிழமை நடந்தது. கன்னியாகுமரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் பார்த்துவிட்டு மாலைக்குள் நெல்லை சேர்வது திட்டம். பெரியதாழையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில், பிற்பகல் 2 மணியளவில், பின்பக்க இடது டயர் வெடித்தது. அப்போது நான் சென்ற வேகம் தங்கள் ஜிபிஎஸ் கருவியில் பதிவாகியிருக்கும். சாலையில் பள்ளமோ கல்லோ இருக்கவில்லை. காரை ஓரம் கட்டி, பொருட்களை இறக்கிவைத்து, டிக்கியின் அடித்தட்டைத் தூக்கியபோதுதான் ஸ்டெப்னியை முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையால் அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்கு அதில் காற்றில்லை. பக்கச்சுவரில், கோடையில் குளத்துக் கரம்பை வெடிப்பதுபோல விரல் நீளத்துக்கு வெடிப்புகள் ஓடியிருந்தன. ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் நான்கு இலக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள். எதைப் படிக்காவிட்டாலும் அதைப் படிக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே எனக்குச் சொல்லித்தந்தவர் என் தந்தை. இந்த ஸ்டெப்னியில் இருந்த இலக்கம் 1916. அதாவது 2016-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம். காரின் பதிவுச் சான்றிதழோ 2019-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காரை விட மூன்று வயது மூத்த டயர் அந்தக் காருடன் வந்ததாக இருக்க முடியாது. வேறு ஏதோ வண்டியில் ஓடித் தேய்ந்து கழித்துப் போட்டதை இதில் வைத்து இடத்தை நிரப்பியிருக்கிறீர்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வெடித்த டயரின் நிலையும் இதைவிட மேலானதல்ல. டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, இனி அதில் ஓட்டக் கூடாது என்று பொருள். மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்லும் குறைந்தபட்ச ஆழமும் அதுவே. நான் படிக்கும் நாட்டிலும் அதே 1.6 தான். வெடித்த டயரில் மேடும் பள்ளமும் ஒன்றாகியிருந்ததை நெருக்கத்தில் எடுத்த படங்களில் காணலாம். தேய்ந்த, பழைய ரப்பர் ஏப்ரல் மாத வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெடிப்பதற்கு யாரும் முரட்டுத்தனமாக ஓட்ட வேண்டியதில்லை.

ஜாக்கி இருந்தது; அதைச் சுழற்றும் லீவர் இல்லை. தங்கள் '24 மணி நேரச் சாலை உதவி' எண்ணுக்கு 2.10 முதல் 4.40 வரை பதினொரு முறை அழைத்தேன். அழைப்புப் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். நான்கு முறை எடுத்தார்கள். எடுத்த ஒவ்வொருவருக்கும் மணப்பாடு எங்கே இருக்கிறது என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாகப் பேசியவர், நாகர்கோவிலிலிருந்து ஆள் வருவார் என்றார். இன்றுவரை யாரும் வரவில்லை.

எங்களுக்கு உதவியவர்கள் தங்கள் பட்டியலில் இல்லாதவர்கள். சாலையை ஒட்டிய பனங்காட்டில், விடிலியில் (பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில்) பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தார் எங்களை நிழலுக்கு அழைத்து, ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார்கள். பணம் கொடுக்கப் போன யாழ்ப்பாணத் தோழியிடம் அந்த வீட்டு அம்மா, "வழியில நிக்கிற புள்ளையளுக்கு ஊத்துனதுக்குத் துட்டு வாங்கவா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். அவர்கள் சொல்லியனுப்பி வந்த லோடு ஆட்டோ ஓட்டுநர், கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்ததுமே "வாடகை வண்டியா, அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டுத் தம் ஜாக்கியைக் கொடுத்து வீலைக் கழற்ற உதவினார். ஸ்டெப்னிக்குக் காற்றடிக்கலாம் என்று முதலில் உடன்குடிக்குக் கொண்டுபோனோம். பஞ்சர் கடைக்காரர் அதை ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, காற்றடித்தால் தம் கையோடு போய்விடும் என்று தொட மறுத்துவிட்டார். பிறகு திருச்செந்தூர் வரை போய்ப் புதிய டயர் வாங்கி, திரும்பி வந்து மாட்டி முடிக்கும்போது இரவு 7.30 மணி. டயரின் விலை 4,650 ரூபாய். லோடு ஆட்டோவுக்கு 900 ரூபாய். காரைத் தங்கள் கிளையில் ஒப்படைத்தபோது மணி 10. அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டிய தோழியர் இருவர் வண்டியைத் தவறவிட்டு, மறுநாள் ஆம்னி பஸ்ஸில் சென்னை போனார்கள். அந்தச் செலவை அவர்கள் என்னிடமே வாங்க மறுத்துவிட்டதால் தங்களிடமும் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் தங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில் மூன்று பிடித்தங்கள் இருந்தன: டயர் சேதம் 6,200 ரூபாய், நான்கு மணி நேரத் தாமதம் 2,000 ரூபாய், உள்பகுதி மணல் சுத்தம் 1,800 ரூபாய். கூட்டிப் பார்த்தால் டெபாசிட் தொகையோடு ஒரு ரூபாய் கூடாமலும் குறையாமலும் பொருந்துவதை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

டயர் சேதத்துக்கு 6,200 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் தங்களிடம் திரும்பி வந்த காரில் இருப்பது என் பணத்தில் வாங்கிய புதிய டயர். தேய்ந்த டயருக்குப் பதில் புதிய டயரையும் பெற்றுக்கொண்டு, அதற்கு மேல் அதன் விலையையும் கேட்பது எந்த வணிக வழக்கம் என்று தெரியவில்லை. தாமதத்துக்குக் காரணம் லீவர் இல்லாத ஜாக்கியும் வராத உதவியும். மணலைப் பொறுத்தவரை, ஓட்டுநர் இருக்கையின் மிதியடியில் சாலையோர மணல் இரண்டு கைப்பிடி இருந்தது உண்மை. சாலையோரத்தில் முட்டி போட்டு வீல் கழற்றியவர்கள் வேறு எதோடு வண்டியில் ஏறுவார்கள்?

நான் அனுப்பிய விளக்கத்துக்கு, 'டயர் சேதம் வாடிக்கையாளரின் பொறுப்பு. முறையற்ற ஓட்டுதல்' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. முறையற்று ஓட்டினேன் என்பதற்கு ஆதாரம் இருந்தால், அன்று பிற்பகல் 1.30 முதல் 2.15 வரையிலான ஜிபிஎஸ் வேகப் பதிவை எனக்கு அனுப்பிவைக்கவும். அந்தக் காரின் டயர்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன என்ற பராமரிப்புப் பதிவையும் உடன் அனுப்பவும். இந்த இரண்டும் தங்கள் கையில்தான் இருக்கின்றன.

ஆகவே, டெபாசிட் 10,000 ரூபாய், டயர் 4,650 ரூபாய், லோடு ஆட்டோ 900 ரூபாய் ஆக 15,550 ரூபாயையும், நாங்குநேரியில் கூடுதலாகக் கட்டிய சுங்கத் தொகையையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக முறையிடுவேன். வழக்கு என்றால் சென்னையில்தான் என்று தங்கள் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்தேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்பவர் குடியிருக்கும் இடத்திலேயே முறையிட அனுமதிக்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அதற்குக் கட்டணமும் இல்லை.

விடுமுறை முடிந்து நான் மீண்டும் இங்கிலாந்து வந்துவிட்டேன். என் சார்பில் பேசவும் கையொப்பமிடவும் என் தந்தைக்கு அதிகாரம் அளித்த கடிதத்தை இணைத்துள்ளேன். வெடித்த டயர் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. ஸ்டெப்னி தங்கள் காரின் டிக்கியிலேயே இருக்கிறது. அதே கார் இப்போது வேறொருவர் கையில் இருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் இன்றே மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு 15 நாள் அவகாசம் தருவதற்கில்லை.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)