ஜொகூர் பாக்கி

பட்டர்வொர்த்

அன்புள்ள கோமதி,

நாங்கள் எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் யூ.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். பணியாரச் சட்டி பத்திரமாக இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிடு, இனியாவது தூங்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் முறுக்கை ஈப்போவில் ஒருவர் மொத்தமாக எடுத்துப் பேராக் முழுக்கப் போடப்போகிறாராம், 60 நாள் கடனாம் என்று சரசு சொன்னாள். சந்தோஷம்டி. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் ஜொகூர் பாக்கியைப் பற்றிக் கேட்டுக்கொள்.

என் மசாலாப் பாக்கெட்டை வாங்கி ஜொகூர்க் கடைகளுக்குப் போடுகிற ஜொகூர்க்காரரை உனக்குத் தெரியும். மூத்தவள் கல்யாணத்தில் உன் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கினாரே, அவர்தான். அவர் கம்பெனி எனக்குத் தரவேண்டியது 46,300 வெள்ளி. என் மில்லில் ஒன்பது பேர். ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று வைத்தாலே அது எல்லாருக்கும் மூன்று மாதச் சம்பளம். மிளகாய்க்கும் மல்லிக்கும் நான் ரொக்கம் கட்டுகிறேன். அரைத்து, பாக்கெட் போட்டு, லோரி ஏற்றி அனுப்புகிறேன். விற்ற காசு அங்கேயே தங்கிவிடுகிறது. தரமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் என்னை எரிக்கிறது. "வர்ற வாரம் போட்டுடுறேன்க்கா" என்பார், ஓர் ஆயிரம் வரும். அப்புறம் தீபாவளி, அப்புறம் சீனப் பெருநாள், அப்புறம் நோன்பு மாதம்.

உறவு கெட்டுப்போகும், விட்டுவிடு என்கிறார் இவர். கேட்கிற நானா கெடுக்கிறேன்? அந்த மனுஷனின் மனைவி மேல் எனக்கு இன்றும் பிரியம்தான். அதற்காக என் ஆட்களிடம் போய் "இந்த மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல முடியுமா, நீயே சொல்.

வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். கம்பெனியைக் கலைக்க மனுப் போடுவோம் என்று 21 நாள் நோட்டீஸ் விடச் சொன்னேன். கடன் 50,000 வெள்ளிக்கு மேல் இருந்தால்தான் அந்த நோட்டீஸாம்! முன்பு 10,000-மாக இருந்ததைக் கோவிட் சமயத்தில் ஏற்றி, 2021 ஏப்ரலிலிருந்து நிரந்தரமாகவே வைத்துவிட்டார்கள். நொடித்த கம்பெனிகள் பிழைக்கட்டும் என்று செய்தது, புரிகிறது. அந்தக் கம்பெனிகளுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் பிழைக்க வேண்டாமா? பெரிய வியாபாரிகளுக்கு 46,300 ஒரு பொருட்டாக இருக்காது. என்னைப் போன்றவளுக்கு அது மில்லின் மூச்சு. சட்டம் எழுதியவர்கள் எங்களை நினைத்தே பார்க்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது.

ஆனால் வழி அடைபடவில்லை. 100,000 வரைக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். சரக்கு இங்கிருந்து போனது, பணமும் இங்கே கட்டவேண்டியது என்பதால் பட்டர்வொர்த்திலேயே போடுகிறோம், ஜொகூர் வரை நான் அலைய வேண்டியதில்லை. சம்மன் கிடைத்து 14 நாளுக்குள் அவர்கள் தரப்பில் யாரும் பதில் பதியாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பே வாங்கலாம். அந்த ஆயிரம் ஆயிரத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருஷக் கெடு. கெடுவுக்குள் பாக்கியில் கொஞ்சம் கட்டினாலும், கட்டிய தேதியிலிருந்து ஆறு வருஷம் மறுபடி ஓட ஆரம்பிக்கும். அந்த ரசீதுகளை எல்லாம் ஃபைலில் கோத்துக் கொடுத்துவிட்டேன்.

இதையும் கேள், எனக்குத் தெம்பு கொடுத்ததே இதுதான். தீர்ப்பு வந்தும் அவர் கட்டாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவருக்குப் பணம் தரவேண்டியவர்கள் யார் என்று திருப்பிக் கேட்டார் வக்கீலம்மா. எனக்குத் தெரியாதா! ஸ்கூடாய், மாசாய், கூலாய், குளுவாங் என்று என் பாக்கெட் தொங்குகிற கடை ஒவ்வொன்றும் அவருக்கு மாதக் கடைசியில் பணம் தருகிறது. கார்னிஷி உத்தரவு வாங்கினால், அந்தக் கடைக்காரர் அவருக்குத் தரவேண்டியதை என்னிடம் கட்டச் சொல்லும் கோர்ட். பேங்க் கணக்கில் கிடக்கிற பணத்துக்கும் அப்படியே. அன்று ராத்திரியே நம் சேல்ஸ் பையனை உட்காரவைத்துக் கடைப் பெயர்களை எழுதினேன். எழுத எழுத எனக்குக் கை நடுக்கமே நின்றுவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், எந்தெந்தக் கடைக்குப் போடுகிறார் என்ற பட்டியலை ஈப்போக்காரரிடம் இப்போதே கேள். அவருடையது செண்டிரியான் பெர்ஹாட்டா (தனியார் லிமிடெட் கம்பெனி), வெறும் எண்டர்பிரைஸா (சொந்தப் பெயரில் பதிந்த வியாபாரம்)? எண்டர்பிரைஸ் என்றால் கடனுக்கு அவரே சொந்தமாகப் பொறுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் என்றால் டைரக்டர் தன் பெயரில் கியாரண்டி எழுதிக் கொடுக்காமல் முதல் லோரி கிளம்பக் கூடாது. என் அப்பா காலத்துக் கணக்குகளில் கியாரண்டி கேட்கும் பழக்கமே கிடையாது. நீ புதிதாக ஆரம்பிக்கிறவள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சரக்கு இறக்கும்போது கையெழுத்து வாங்குகிற டி.ஓ சீட்டில் வெறும் கிறுக்கலை வாங்கிக்கொண்டு வராதே. கம்பெனி முத்திரைச் சாப்பு இருக்க வேண்டும், வாங்கியவர் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். உனக்கு யாரிடமும் கறாராகப் பேச வராது, ஆறாம் வகுப்பில் என் அழிரப்பரைத் திருப்பிக் கேட்கக்கூட என்னைத்தான் அனுப்புவாய். இதையும் நானே பேசுகிறேன், நம்பரைக் கொடு.

வக்கீலம்மா எழுதிய கியாரண்டித் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஈப்போக்காரரின் கம்பெனிப் பதிவு எண்ணை இன்றைக்கே அனுப்பு. கம்பெனிகளைப் பதிகிற எஸ்.எஸ்.எம்-மில் விவரம் எடுத்து டைரக்டர் யார், முதல் எவ்வளவு, சொத்தை எங்கே அடகு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் ஒரு டின் முறுக்குகூட வெளியே போகவேண்டாம்.

அன்புடன்,
மல்லிகா