அந்த 12,000 பேருக்கு என்ன பதில்?

ஆசிரியருக்கு,

அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்களின் விசாப் பிரச்சினை 2023ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது என்ற தொனியில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முடிந்தது பாதிதான்.

அந்த ஆண்டு பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாவும், அதேபோலத் தற்காலிகமான ஐந்தாண்டு 'சேஃப் ஹேவன்' விசாவும் வைத்திருந்த சுமார் 19,000 பேருக்கு பிரதமர் அல்பனீசியின் லேபர் அரசு நிரந்தர வதிவிடத்துக்கு வழி விட்டது. நல்ல காரியம். ஆனால் அதே காலத்தில் வந்த இன்னும் சுமார் 12,000 பேர் வெளியே நின்றார்கள். அநேகமானோர் 'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற விரைவு அகதி விசாரணையில் மறுக்கப்பட்டவர்கள். நம் இலங்கைத் தமிழர்களும் ஈரானியர்களும் அவர்களில் கணிசம்.

அந்த விசாரணை நடந்த விதத்தைக் கட்டுரை தொடவே இல்லை. 2014 கடைசியில், ஸ்கொட் மொரிசன் குடிவரவு அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. 2012 ஓகஸ்ட் 13 முதல் வந்தவர்களை வருடக்கணக்கில் விண்ணப்பிக்க விடாமல் வைத்திருந்தார்கள். பிறகு, 2017 ஒக்டோபர் 1க்குள் விண்ணப்பிக்காவிட்டால் அவ்வளவுதான் என்று மொரிசனுக்குப் பின் அமைச்சரான பீட்டர் டட்டன் கெடு வைத்தார். அரசு செலவில் கிடைத்த சட்ட உதவியும் அதற்கு முன்பே பெரும்பாலானோருக்கு நின்றுபோயிருந்தது. மறுத்தால் மீளாய்வு உண்டு, பெயருக்கு. பெரும்பாலும் ஆளைக் கூப்பிடாமலே கோப்பைப் பார்த்து முடிவு. ஊரில் தடுப்புக்காவலில் பட்ட கொடுமையை முதல் நேர்காணலில் வெட்கத்தில் சொல்லாமல் விட்டவன் பிறகு வாய் திறந்தால், அது 'புதிய தகவல்'. விதிவிலக்கான காரணம் காட்டினால்தான் எடுப்பார்கள்.

எதிர்க்கட்சியில் இருந்தபோதே லேபர் இதை நியாயமற்ற முறை என்றது. ஆட்சிக்கு வந்து, 2024 ஒக்டோபரில் அந்த மீளாய்வு அமைப்பையே மூடியது. கள்ளத் தராசு என்று கடையை மூடிவிட்டு, அந்தத் தராசில் நிறுத்த கணக்கை மட்டும் செல்லும் என்பதா?

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர் ஒரே படகில் வந்தவர்கள். அண்ணன் இன்று நிரந்தர வதிவாளர். வீடு வாங்க வங்கியோடு பேசிக்கொண்டிருக்கிறார். தம்பி, 'பிரிட்ஜிங்' என்ற குறுகிய கால இடைக்கால விசாவில், கோழி ஆலையில் வேலை. விசா முடிகிற வாரம் மேற்பார்வையாளர் புதுக் கடிதம் கேட்பார். கடிதம் வரும்வரை ஷிஃப்ட் இல்லை. அம்மாவின் செத்தவீட்டை வாட்ஸ்அப்பில்தான் பார்த்தார். வெளியே போனால் திரும்பி வர முடியாத விசா அது. இப்படியான குடும்பங்களில் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளிடம், பல்கலைக்கழகம் என்றதும் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கிறார்கள்.

நிரந்தர விசா கொடுத்தால் படகுகள் மறுபடி வரும் என்ற பழைய பல்லவியை 2023இலும் எதிர்க்கட்சி பாடியது. இனி வருபவர்களுக்கு இது பொருந்தாது என்று அரசு அப்போதே கோடு போட்டது. அந்தக் கோட்டுக்கு முன்னால் வந்தவர்கள்தானே இவர்களும்?

நமது சங்கங்களையும் சொல்லவேண்டும். பொங்கல் விழாவுக்கு எம்.பி.யை அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புகிறார்கள். 2024இல் மெல்பேர்ணில் உள்துறைத் திணைக்கள வாசலிலும் சிட்னியில் அமைச்சரின் அலுவலக வாசலிலும் நிரந்தர விசா கேட்டு இரவு பகலாகப் போராடியவர்களோடு எத்தனை தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்?

அடுத்த முறை அமைச்சரைப் பேட்டி காணும்போது, மறுத்த கோப்புகளை மறுபடி திறப்பீர்களா, இல்லை இவர்களுக்கும் அதே விசாவைக் கொடுப்பீர்களா என்று உங்கள் நிருபர் கேட்கட்டும். "ஒவ்வொரு கேஸாகப் பார்க்கிறோம்" என்று பதில் வந்தால், இதுவரை எத்தனை பார்த்தீர்கள் என்பதையும் கேட்டு, அந்த எண்ணைப் பிரசுரியுங்கள்.

வாசகர்,
டண்டினோங், மெல்பேர்ண்