வடக்கு ஜன்னலும் வெள்ளை பல்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுக்குள் ஓவியக்கூடம் அமைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அலமாரி, தரை, தண்ணீர் வசதி பற்றியெல்லாம் எழுதியிருந்தது சரி. வெளிச்சம் பற்றிச் சொன்ன இரண்டு வரிதான் உதைக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் வெயிலே வராதாம், ராத்திரிக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளை எல்.இ.டி. போட்டால் போதுமாம். நான் கரந்தையில் வீட்டு மாடியறையில் தஞ்சாவூர்ப் படம் போடுகிறவள். தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அந்த இரண்டு வரியை நம்பி யாராவது சுவரை இடித்து ஜன்னல் வைத்துவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன்.

வடக்கு ஜன்னல் யோசனை ஐரோப்பாவில் பிறந்தது. லண்டனிலோ பாரிஸிலோ சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் உச்சிக்கு வரும். கோடையில் விடிகாலையிலும் அந்தியிலும் வடக்குப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதோடு சரி. தஞ்சாவூர் கிட்டத்தட்ட 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் வடக்கே போய்விடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் திரும்பத் தலைக்கு மேல் வரும். ஜூன் மாதத்தில் வடகிழக்கில் உதித்து, நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே நகர்ந்து, வடமேற்கில் மறைகிறது. ஆக, வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் வடக்கு ஜன்னல்தான் நமக்கு வெயில் ஜன்னல்.

அதற்காக வடக்கே ஜன்னல் வேண்டாம் என்று சொல்லவில்லை. புரட்டாசியிலிருந்து பங்குனி வரை அதைப்போல வேறொன்று கிடையாது. கோடையில்தான் காவல் போட வேண்டும். உச்சி வெயில் செங்குத்தாக விழுவதால் அதைச் சாதாரண சன்ஷேடே தடுத்துவிடும். காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் சுவரை ஒட்டினாற்போல் சரிந்து வருகிற வெயில்தான் தொல்லை. ஜன்னலின் கிழக்கு ஓரத்திலும் மேற்கு ஓரத்திலும் சுவரிலிருந்து வெளியே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும்படி மூங்கில் தட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டிவிட்டேன். நாலடி ஜன்னலுக்கு அது போதுகிறது. திரைச்சீலை போட்டால் வெயிலோடு வெளிச்சமும் போய்விடும், காற்றும் நின்றுவிடும்.

வடக்கு ஜன்னலுக்கு நம் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. எதிர்வீட்டுச் சுவர். எங்களுக்கு வடக்கே இருக்கிற வீட்டுக்காரர் போன பொங்கலுக்குக் கிளிப்பச்சை அடித்தார். நமக்கு வெயில் வராத மார்கழி, தை மாதங்களில்தான் தெற்குப் பார்த்த அந்தச் சுவரில் காலை முதல் மாலை வரை வெயில். என் அறைக்குள் இருக்கிற வெள்ளைத் தாளெல்லாம் பச்சை பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நல்ல மனுஷர், அவர் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று நான் எப்படிக் கேட்பது? எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கம்பு நட்டு வெள்ளைத் தார்ப்பாய் கட்டினேன். பச்சை மறைந்தது. தார்ப்பாயில் பட்டு வருகிற வெளிச்சம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. உள்சுவருக்கும் பளபளப்பு இல்லாத வெள்ளைதான் நல்லது. ரோஸ், மஞ்சளெல்லாம் படுக்கையறையோடு நிற்கட்டும்.

இனி பல்பு. 'வெள்ளை' என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் பல்பு. கெல்வின் எண் ஏற ஏற வெளிச்சத்தில் மஞ்சள் குறைந்து நீலம் கூடும். இதில் கொஞ்சம் நீலம் தூக்கலாக இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எத்தனை கெல்வின் என்பதைவிட முக்கியமானது, அந்த விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பது. அதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கிறது. 100 முழு மதிப்பெண். பழைய குண்டு பல்பு மஞ்சளாக எரிந்தாலும் அதில் கிட்டத்தட்ட நூறு வாங்கிவிடும். இன்றைய சாதாரண எல்.இ.டி. 80தான். அந்த 80-லும் ஒரு சூது இருக்கிறது. வெளிறிய எட்டு நிறங்களை வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அடர்ந்த சிவப்பு அந்த எட்டில் சேர்த்தியில்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண். 80 போட்ட பல்புகளில் இந்தத் தனி எண் பூஜ்யத்தை ஒட்டி இருப்பது சகஜம்.

எங்கள் படங்களுக்கு உயிரே அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும்தான். என்னிடம் கற்றுக்கொள்ளும் பெண் ஒருத்தி வீட்டில் ராத்திரி உட்கார்ந்து தவழும் கிருஷ்ணன் போட்டாள். பின்னணிச் சிவப்பு அந்த விளக்கில் பழுப்படித்துத் தெரிய, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். கன்னத்துக்கும் அதே கதி. காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. பட்டுப்புடவை எடுக்கிறவர்கள் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார்களே, அந்த ஜாக்கிரதை படம் போடுகிறவர்களுக்கும் வேண்டும். 90க்கு மேல் சி.ஆர்.ஐ., 4000 முதல் 5000 கெல்வினுக்குள் ஒரு வெள்ளை, இதுதான் நான் மாணவிகளுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. வாங்கும் முன் பல்பை எரியவிட்டு அதன் கீழே தூரிகையை வேகமாக ஆட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒரே தூரிகை துண்டு துண்டாகப் பல தூரிகையாய்த் தெரிந்தால் பல்பு மினுக்குகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்தில் தலைவலி நிச்சயம்.

எங்கே மாட்டுவது என்பதில், படத்தின் மேல் தங்கரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுகிற எங்களுக்குத் தனிச் சங்கடம். நாங்கள் தரையில் உட்கார்ந்து, பலகையைத் தாழ்வான மேசையில் கிடத்தி வேலை செய்கிறோம். விட்டத்து விளக்கு பின்னாலிருந்தால் தலை நிழல் பலகையில் விழும். முன்னால் வந்தால் ரேக்கில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். இடது பக்கத்திலிருந்து, தலைக்குச் சற்று மேலிருந்து, பட்டர் பேப்பர் மறைப்பு வழியாக வருகிற வெளிச்சம்தான் வண்ண வேலைக்கு இதம். இடக்கைக்காரர்கள் வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மக்கு (நகை, முத்தெல்லாம் மேடாகத் தெரியப் படத்தின் மேல் வைக்கும் பசைக் கலவை) வைக்கும்போதும் ரேக்கு ஒட்டும்போதும் இந்த இதமான வெளிச்சம் உதவாது. அப்போது மறைப்பில்லாத சின்ன விளக்கு ஒன்றைப் பலகை மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் வைக்க வேண்டும். மக்கின் மேடு பள்ளத்துக்கு நிழல் விழும். ஒரு முத்து வரிசையில் எது உயரம், எது சப்பை என்று அந்த நிழல் சொல்லிவிடும். ரேக்கில் மயிரிழைச் சுருக்கம் இருந்தாலும் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்விசிறிக்கு மேலே விளக்கு மாட்டாதீர்கள். இறக்கையின் நிழல் பலகை மேல் வெட்டி வெட்டி ஓடும். (ரேக்கு ஒட்டும்போது விசிறி ஓடக் கூடாது என்பது வேறு விஷயம். வியர்வையோடுதான் தங்கம் ஒட்டுகிறோம்.) மூலையில் ஒரு மஞ்சள் பல்புக்கும் தனி சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். படம் போய்ச் சேரும் பூஜை அறைகளில் பாதிக்குமேல் மஞ்சள் விளக்குதான். அங்கே நீலம் மங்கும், தங்கம் ஏறும். அனுப்பும் முன் அந்த வெளிச்சத்திலும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர்களுக்காக, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வடக்கே வெயில் வரும் என்பதையும், சி.ஆர்.ஐ. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் அடுத்த இணைப்பில் நாலு வரியாவது போடுங்கள். பல்பு தயாரிப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாட் எண்ணை அட்டைப்பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள், சி.ஆர்.ஐ.யைத் தேட எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. அதையும் முகப்புக்குக் கொண்டுவாருங்கள். கூடவே ஆர்9 எண்ணையும் அச்சடித்தால் எங்கள் தெருவிலேயே பத்துப் பதினைந்து பல்பு விற்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கரந்தை, தஞ்சாவூர்