அக்காவுக்கு: அந்த 45 மணி நேரம் எங்கே போகிறது?

லெஸ்டர், இங்கிலாந்து,
டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? குளிர் இறங்கிவிட்டால் அவளை ஏற்காட்டில் வைத்திருக்காதே. பொங்கல் வரைக்குமாவது அஸ்தம்பட்டி வீட்டில் கொண்டுவந்து விடு. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கப் பாப்பா இருக்கிறாள், பக்கத்தில் மருந்துக்கடையும் இருக்கிறது.

நீ அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். போனில் பேசலாமென்றால் உன் பள்ளிப் பக்கம் டவர் கிடைப்பதில்லை. நான் வீடு திரும்பும் நேரத்தில் உனக்கு இரவு பதினொன்று ஆகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஜனவரியில் சேலத்தில் நடக்கும் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசப்போகிறேன் என்றாயே, அதற்கும் இது உதவட்டும்.

"அங்க டீச்சருங்கள எப்படி நடத்துறாங்க, நாங்க கேக்கறது அதிகமா?" என்று கேட்டிருந்தாய். ஒன்றும் அதிகமில்லை. சொல்லப்போனால் நீங்கள் கேட்பதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது: சட்டம் உங்களுக்கு எழுதியிருக்கும் வாரம் 45 மணி வேலை நேரத்தின் கணக்கு.

முதலில் என் நாளைச் சொல்கிறேன். இந்த மாதம் இங்கே விடியவே எட்டு மணி தாண்டுகிறது. இருட்டில் பஸ் ஏறுகிறேன், இருட்டில் வீடு திரும்புகிறேன். மாலை நாலு மணிக்குச் சூரியன் போய்விடுகிறது. சேலத்து வெயிலைத் திட்டிக்கொண்டே வளர்ந்தவள், இப்போது ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெயில் அடித்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்திக் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கிறது. தட்டுவடை செட்டு மட்டும் நாமே செய்தால்தான் உண்டு.

பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. 11 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள், வகுப்புக்கு முப்பது பேர். இயற்பியல் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் இந்த நாடு தவிக்கிறது. 2023-ல் இந்தியாவிலிருந்து கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் இங்குள்ள ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று வழி திறந்துவிட்டதும் அதனால்தான். அந்தக் கல்வியாண்டில் வெளிநாட்டிலிருந்து வரும் இயற்பியல், மொழி ஆசிரியர்களுக்கு இடம்பெயர்வதற்கென்று 10,000 பவுண்டு கொடுத்தார்கள். வெளியாள்களை இப்படி அழைக்கும் நிலை ஏன் வந்தது என்று ஆசிரியர் அறையில் கேட்டால், சம்பளத்துக்கும் முன்னால் எல்லோர் வாயிலும் வருவது வேலைப்பளு. அடுத்தபடி பிள்ளைகளின் நடத்தை. அதையும் நான் பார்த்துவிட்டேன். பாடம் நடக்கும்போது எழுந்து வெளியே போகும் பையன், முகத்துக்கு நேரே கெட்ட வார்த்தை சொல்லும் பெண் எல்லாம் உண்டு. பிள்ளைகள் மேல் ஆசிரியர் கை நீட்டுவதற்கு 1986-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அது சரிதான், நம் ஊரிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இங்கே என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு அட்டவணை.

கல்வியாண்டு தொடங்கும் முன்பே அதைக் கையில் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் ஆசிரியர் பணி நிபந்தனைகளுக்கென்று அரசு வெளியிடும் ஆவணம் ஒன்று உண்டு. முழுநேர ஆசிரியரைத் தலைமையாசிரியர் ஓர் ஆண்டில் 195 நாள், 1,265 மணி நேரம்தான் 'இங்கே இரு, இதைச் செய்' என்று பணிக்கலாம் என்கிறது அது. அந்த 195-ல் 190 நாள் வகுப்பு, 5 நாள் பயிற்சி. பாடவேளை, ஊழியர் கூட்டம், பெற்றோர் சந்திப்பு எல்லாம் அந்த மணிக்கணக்குக்குள் அடங்க வேண்டும். பாட நேரத்தில் குறைந்தது 10 சதவீதம், பாடம் தயாரிக்கவும் திட்டமிடவும் விடைத்தாள் திருத்தவும் எனக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். 2005 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. யாராவது லீவு போட்டால் அந்த நேரத்தில் என்னை அவர் வகுப்புக்கு அனுப்ப முடியாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாட நேரம் முதல் ஆண்டு இன்னும் 10 சதவீதம், இரண்டாம் ஆண்டு 5 சதவீதம் குறைவு. மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

இது வெறும் காகிதமில்லை என்பதை அக்டோபரில் கண்ணால் பார்த்தேன். மாலையில் இன்னொரு பெற்றோர் சந்திப்பு வைக்கலாம் என்று நிர்வாகம் சொன்னது. எங்கள் சங்கப் பிரதிநிதி, கணிதம் நடத்தும் ஒரு பெரியம்மா, அட்டவணையை மேசை மேல் விரித்துப் பென்சிலால் கூட்டினார். "இது இரண்டரை மணி நேரம். இதைச் சேர்த்தால் 1,265 தாண்டுகிறது. எதை எடுத்துவிடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நவம்பரில் இருந்த இரண்டு ஊழியர் கூட்டங்களை நீக்கிவிட்டுத்தான் அந்தச் சந்திப்பை வைத்தார்கள். சேலத்தில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில், அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் வீடு வீடாக அட்மிஷன் கேட்டு அனுப்பினார்கள் என்பது உனக்குத் தெரியும். அங்கே என் நேரத்துக்குக் கணக்கே இல்லை. அன்றைக்கு அந்த மேசையருகே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. அதே ஆவணத்தில், தன் கடமையை முடிக்கத் தேவைப்படும் நியாயமான கூடுதல் நேரமும் ஆசிரியர் உழைக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் கூடுதலுக்கு மேல்வரம்பு எழுதவில்லை. முழுநேர ஆசிரியர்கள் வாரத்துக்கு 50 மணிக்கும் மேல் உழைப்பதாக அரசு எடுத்த கணக்கெடுப்பே சொல்கிறது. நானும் இரவில் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். அகாடமி என்று அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளை இந்த ஆவணம் சட்டப்படி கட்டுப்படுத்துவதுமில்லை, பெரும்பாலானவை பின்பற்றினாலும். பள்ளி ஆய்வு வேறு. 2023 ஜனவரியில் ஆய்வுக்குப் பிறகு ரெடிங் நகரத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் சாவுக்கு ஆய்வும் ஒரு காரணம் என்று மரண விசாரணை சொல்லி, நாடே கொதித்த பிறகு, ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் தரம் பிரிக்கும் முறையை 2024 செப்டம்பரில்தான் கைவிட்டார்கள். இங்கும் சண்டை ஓயவில்லை. ஆனால் சண்டை போடுகிறவர் கையில் ஓர் எண் இருக்கிறது.

அந்த எண்ணோடு ஒரு பட்டியலும் உண்டு. ஆசிரியர் செய்யக் கூடாத வேலைகள்: பிள்ளைகளிடம் காசு வசூலிப்பது, கட்டுக்கட்டாக நகலெடுப்பது, சுவரில் படங்கள் ஒட்டுவது போன்றவை. அரசும் பெரும்பாலான சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்தது. நடுவில் ஆவணத்திலிருந்து எடுத்துவிட்டு 2024-ல் திரும்பச் சேர்த்தார்கள். அந்த ஒப்பந்தம் எந்த ஆண்டு தெரியுமா அக்கா? 2003 ஜனவரி.

அதே 2003 ஜூலையில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலைநிறுத்தத்துக்காக அரசு ஊழியர், ஆசிரியர் என்று ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள், அப்பாவும் அதில் ஒருவர். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்டது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதியதும், அம்மா அடுப்படியை விட்டு வெளியே வராததும் எனக்கு மறக்காது. இங்கே 2023-ல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தபால் வாக்கெடுப்பு நடந்தது. குறைந்தது பாதி உறுப்பினராவது வாக்களித்தால்தான் செல்லும் என்பது அப்போதைய சட்டம். ஒரு சங்கம் 53 சதவீதத்தில் தப்பித்தது, இன்னொன்று 42 சதவீதத்தில் நின்றுபோனது. வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் பிடித்தார்கள். யாரையும் மன்னிப்பு எழுதச் சொல்லவில்லை. கடைசியில் 6.5 சதவீத உயர்வுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370, ஒரு நாள் பிந்தியவருக்கு 5,200 என்று தொடங்கிய பாகுபாடு, 2010-ல் சேர்ந்த உன்னை இன்னும் விடவில்லை. அப்பாவுக்கு இருந்த பழைய ஓய்வூதியமும் உனக்கில்லை. இவற்றுக்காக நீங்கள் போராடுவது முழுக்க நியாயம், விட்டுவிடாதீர்கள். ஆனால் சம்பளம் என்று வாயெடுத்ததும் கடைத்தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று நீயே சொன்னாய். "வாங்கற சம்பளத்துக்கு என்ன குறை, வருசத்துல பாதி லீவு" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. உன் நாளில் பாடம் நடத்த எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதை நாம்தான் பேச வேண்டும்.

நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு நீ மலையேறி இறங்கியதைச் சொன்னாய். காப்பி பறிக்கும் காலம், பகலில் வீடுகளில் ஆளே இல்லை, எஸ்டேட்டிலிருந்து அவர்கள் திரும்பிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் படிவம் நிரப்பினாய். ஐந்து வகுப்புக்கும் நீங்கள் இரண்டே பேர். மற்ற டீச்சர் பயிற்சிக்குப் போனால் ஒன்றிலிருந்து ஐந்து வரை உன் தலையில். அதற்கு நடுவே எமிஸ் பதிவு (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் வேலை), முட்டைக் கணக்கு, சீருடைக் கணக்கு. தேர்தல் வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது. ஆனால் பட்டியல் திருத்த வேலையைச் சாதாரணமாகப் பாட நாளில், பாட நேரத்தில் ஆசிரியரிடம் தரக்கூடாது என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விடுமுறையில் செய்யலாமாம். பாட நேரம் தப்பியது, உன் ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்து 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது.

இதோடு தகுதித் தேர்வு வேறு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டே ஆண்டில் தேற வேண்டும் என்று செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கேட்டதிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்று மாமா சொன்னார். ஆசிரியருக்குத் தேர்வு வைப்பது தவறென்று நான் நினைக்கவில்லை. பதினைந்து ஆண்டு மலைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவளின் வேலையை ஒரு தேர்வில் தொங்கவிடுவதுதான் தவறு. எனக்கு இங்கே தகுதி கொடுத்தபோது பட்டம், பி.எட்., அனுபவம் இவற்றைத்தான் பார்த்தார்கள், தேர்வு வைக்கவில்லை. உனக்கு வைத்தே தீருவதென்றால் படிக்க நேரமாவது கொடுக்க வேண்டாமா?

அதனால் ஒன்று கேட்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையை எடுத்துப் பார். ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று இருக்கும். அதற்குக் கீழே, ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, என்று இருக்கும். நன்றாகக் கவனி: தயாரிக்கும் நேரத்தையும் சேர்த்து. 200 நாளை வாரத்துக்கு ஐந்தாகப் பிரித்தால் 40 வாரம், 800 மணி என்பது வாரத்துக்கு 20 மணி. மீதி 25 மணி தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் போயிருக்க வேண்டும். இங்கே எங்களுக்குக் கிடைப்பதை விடப் பெரிய உரிமை அது, நம் நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த 25 மணி எங்கே போகிறது என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பள்ளி திறந்ததும் ஒரு வாரம், காலை மணி அடித்ததிலிருந்து படுக்கப் போகும் வரை என்னென்ன வேலைக்கு எத்தனை நிமிடம் போனது என்று நோட்டில் எழுது. வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்துப் பள்ளி டீச்சர்களையும் எழுதச் சொல். பாடம், தயாரிப்பு, எமிஸ், சாப்பாட்டு நேரம், வெளிவேலை என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். கூட்டத்தில் அந்தக் கணக்கை வாசித்துவிட்டு, சட்டத்தில் உள்ள தயாரிப்பு நேரத்தைக் கால அட்டவணையில் போடச் சொல்லிக் கேளுங்கள். எமிஸுக்கும் கணக்குவழக்குக்கும் நாலைந்து பள்ளிக்கு ஓர் எழுத்தர் போடச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோரையும் உட்கார வைத்துக் காட்டு. அவர்கள் பிள்ளைகளிடமிருந்து எடுத்த நேரம் அது.

தகுதித் தேர்வின் குழந்தை வளர்ச்சிப் பகுதிக்கு 30 கேள்வி என்றாய். என் பி.எட். நோட்டுகள் அம்மா அறைப் பரணில் நீலப் பையில் இருக்கின்றன, மாமாவை எடுத்துத் தரச் சொல். கணக்கில் சந்தேகம் வந்தால் படமெடுத்து அனுப்பு, நான் போட்டு அனுப்புகிறேன். அம்மாவுக்கு முட்டிப்பட்டையும் பாப்பாவுக்கு ஸ்வெட்டரும் நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பொங்கலுக்கு முன் ஐந்து ரோட்டில் வந்து தருவார்.

நோட்டில் எழுத ஆரம்பித்ததும் முதல் நாள் கணக்கை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் தங்கை