கொட்டாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேரள அரசின் தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் பத்மநாபபுரம் கோட்டைக்குள் குடியிருப்பவன். நீங்கள் அரண்மனை என்று சொல்வது எங்களுக்குக் கொட்டாரம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் இருக்கும் கல்குளம் தாலுகா, அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொட்டாரம் மட்டும் உங்கள் பொறுப்பிலேயே நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள்.

கொட்டாரம் பார்க்க வாங்கும் டிக்கெட் கட்டணம் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டணத்தையே நீக்கிவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. எங்கள் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கல்கட்டடம் என்றால் தாங்கும், இது மரமும் ஓடும். ஒரு ஓடு விலகினால் கீழே உத்தரம் ஊறும், ஊறிய இடத்தில் சிதல், அதாவது கரையான், ஏறும். உள்ளே பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்துப் பலாமரத் தூணில் அந்தச் செதுக்கு வேலை போய்விட்டால் திரும்ப வராது. சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் அந்தக் கறுப்புத் தரையும் அப்படித்தான். பராமரிக்கப் பணம் வேண்டும். கன்னியாகுமரி பார்க்க பஸ் பிடித்து வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கட்டும், சரிதான்.

ஆனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிக்கெட் கவுண்டர் பக்கம் நின்றிருந்தேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒருவர், மனைவி, அம்மை, மூன்று பிள்ளைகள். அவர் கட்டணப் பலகையைப் பார்த்தார். தலையை எண்ணினார். சட்டைப்பையிலிருந்து எடுத்ததை இரண்டு தடவை எண்ணிவிட்டு, “நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துட்டு இங்கயே நிக்கேன்” என்றார். உடனே அம்மை, “எனக்கும் கால் வலிக்கு மக்களே” என்று திண்டில் உட்கார்ந்துவிட்டாள். மனைவியும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். திரும்பி வந்த சின்னப் பெண், “அப்பா, தரையில என் மூஞ்சி தெரியுது” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

இந்த மண்ணின் ஏழைச் சனங்களிடம், ஒரு காலத்தில் இந்தக் கொட்டாரத்தை வைத்திருந்த திருவிதாங்கூர் அரசு தலைவரி வாங்கியது. ஊழியம் என்று சொல்லிக் கூலியில்லாமல் வேலையும் வாங்கியது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் வாசலில் தலை எண்ணி நிற்பது சரியில்லை.

நான் கேட்பது இரண்டுதான். மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. இங்கேயும் அப்படிச் செய்யுங்கள். அப்புறம், மாதத்தில் ஒரு ஞாயிறு குமரி மாவட்டத்துக்காரர்களை இலவசமாக விடுங்கள். ரேஷன் கார்டைக் காட்டினால் போதும் என்று வையுங்கள். கூட்டம் கூடினால் மரப்படி தாங்காது என்ற கவலை நியாயமானது. நேரம் போட்டு நூறு நூறு பேராக விடலாம். வரிசையை ஒழுங்குபடுத்த எங்கள் தெருப் பையன்கள் வருவார்கள், நானே கூட்டி வருகிறேன்.

நவராத்திரிக்குக் கொட்டாரத்து உப்பரிக்கை மாளிகையில் மன்னரின் உடைவாள் கைமாறி, சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது தெருவில் விளக்கேற்றி வழியனுப்புகிறவர்கள் நாங்கள். அந்தச் சடங்குக்கு உங்கள் அரசின் ஆட்களும் வருவார்கள். இந்த வருஷம் வரும்போது, எங்கள் எல்லோர் முன்னாலும் அங்கேயே இதை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
கோட்டைக்குள் குடியிருக்கும் ஒருவன்